வைர வணிகர் டவர்னியர்

ஐதராபாத்தில் வாழும் நம் இல்லங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து விருந்தினர் வந்தால் அவரை முதலில் கோல்கொண்டாக் கோட்டைக்கு அழைத்துச் செல்கின்றோம். வாயிலில் கைதட்டினால் உச்சி மண்டபத்தில் ஒலி கேட்கும் விந்தையைக் காட்டுகின்றோம். அங்கே பெரும்பாலும் ஒரு வினா எழும்: வைரச் சுரங்கம் எங்கே உள்ளது? கோட்டையைச் சுற்றி எங்கும் வைரச் சுரங்கம் இருந்ததில்லை என்பதே விடை. கோல்கொண்டா வைரத்தின் சந்தை, அதன் பிறப்பிடமன்று. கல் விளைந்த நிலங்கள் பல நாள் நடைத் தொலைவில், கிருஷ்ணை ஆற்றின் கரையிலும் அதற்குத் தெற்கிலும் கிடந்தன. அந்நிலங்களுக்கு நேரில் சென்று, கண்டதை எழுதி வைத்தவர் ஒரு பிரெஞ்சு வணிகர். ழான் பாப்டிஸ்ட் டவர்னியர் என்பது அவர் பெயர். அவர் எழுதாது போயிருப்பின், அச்சுரங்கங்கள் நடந்த முறையைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகச் சிறிதே ஆகியிருக்கும். ஆதலின் இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றைச் சுருங்க உரைக்க முற்படுகின்றோம்.

டவர்னியர் 1605-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். அவர் முன்னோர் ஆண்ட்வெர்ப் நகரத்தினர். கிறித்தவருள் சீர்திருத்தப் பிரிவைச் சார்ந்தவர். தந்தையார் நிலப்படங்கள் விற்பவர். சிற்றப்பன்மாருள் ஒருவர் நிலப்படம் செதுக்கும் கலைஞர். வீட்டுச் சுவரெங்கும் கடல்களும் கண்டங்களும் தொங்க, அவற்றைக் குறித்துப் பேசவரும் அறிஞர்களின் உரையாடலைக் கேட்டே அச்சிறுவன் வளர்ந்தான். இருபத்திரண்டு வயதிற்குள் ஐரோப்பாவின் பெரும்பகுதியைச் சுற்றிவிட்டார். 1630-களின் தொடக்கத்தில் கான்ஸ்டாண்டிநோபிள் வழியாகப் பாரசீகத் தலைநகர் இஸ்பகான் வரை சென்று மீண்டார். அதன்பின் 1638 முதல் 1668 வரை மேலும் ஐந்து பயணங்கள். அவற்றின் வழிகளையெல்லாம் ஈண்டு விரிப்பின் பெருகும். நமக்கு வேண்டுவது அவர் வைர நிலங்களில் கண்ட காட்சியே.

வைர நிலங்களுக்குச் செல்வது ஆபத்தென்று அந்நாளில் பலரும் அவரை அச்சுறுத்தினர். வணிகர் அதற்கு அஞ்சினால் வணிகம் எவ்வாறு நடக்கும்? அவர் முதலில் சென்ற இடத்தை ராவல்கொண்டா என்று எழுதுகின்றார். கோல்கொண்டாவிலிருந்து ஐந்து நாள் பயணம். அங்கே பாறைகளினிடையே விரல் அகலமும் அரை விரல் அகலமும் உள்ள நரம்புகள் போன்ற பிளவுகள் ஓடின. நுனி வளைந்த இரும்புக் கம்பியால் அப்பிளவுகளில் உள்ள மண்ணைச் சுரண்டி எடுத்து, கழுவி, அதில் வைரம் தேடினர். பிளவு குறுகி அடைபட்ட இடத்தில் பெரிய இரும்புக் கடப்பாரையால் பாறையை ஓங்கி அடிப்பர். அவ்வடியே பல கற்களுக்கு உட்கீற்று உண்டாகக் காரணம் என்று டவர்னியர் சரியாகவே கண்டார். உலகில் வைரத்தைக் கீறவல்லது மற்றொரு வைரமே. ஆயினும் ஒரு குறிப்பிட்ட திசையில் அடி விழுந்தால் அது வாழைத்தண்டு போலப் பிளந்து போகும். கடினம் வேறு, உறுதி வேறு. நம் பெண்மக்கள் சிலர் வைரத்தை எதனாலும் உடைக்கவியலாது என்று எண்ணித் தோட்டைக் கவனமின்றிக் கையாளுவதைக் காண்கின்றோம். அவர்கள் இதனை உளங்கொள்வது நன்று.

அச்சுரங்கத்தில் உழைத்தவன் பெற்ற ஊதியம் ஆண்டொன்றுக்கு மூன்று வராகன். மாதத்திற்கன்று, ஆண்டிற்கு. நிலத்தை ஏற்று நடத்திய வணிகன், ஐம்பது ஆட்களை வைத்து வேலை வாங்கினால் நாளொன்றுக்கு இரண்டு வராகன் அரசனுக்குச் செலுத்த வேண்டும்; நூறு ஆட்களாயின் நான்கு. வாங்கும் கல்லின் மதிப்பில் நூற்றுக்கு இரண்டு வீதம் அரசனுக்கு வேறு உண்டு. நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். ஐம்பது ஆட்களின் ஆண்டுக் கூலி 150 வராகன். ஆண்டு முழுதும் வேலை நடந்திருப்பின் அந்த ஐம்பதின்மர் பொருட்டு அரசன் பெற்ற நிலவரி 730 வராகன். ஐம்பதின்மரைக் கண்காணிக்கப் பன்னிரண்டு முதல் பதினைந்து காவலர். இத்தனை காவலிலும் ஏழை ஒருவன் சிறு கல்லொன்றைத் தன் கண்ணின் ஓரத்தில் செருகி ஒளித்தான் என்றும், அது பிடிபட்டது என்றும் டவர்னியர் குறிக்கின்றார். கண்ணில் கல்லைச் செருகிக்கொள்ளும் அளவிற்கு அவனை ஓட்டியது பேராசை என்று நம்மால் கூற இயலவில்லை. பெரிய கல்லைக் கண்டெடுத்து ஒப்படைத்தவனுக்குத் தலைப்பாகைத் துணியும், அரை வராகனோ ஒரு வராகனோ பணமும், சிறிது அரிசியும் சர்க்கரையும் பரிசு.

சுரங்கம் இவ்வாறிருக்க, சந்தையோ கண்கொள்ளாக் காட்சி. ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பெரிய மரம். நாள்தோறும் காலையில், பத்து முதல் பதினைந்து வயதுள்ள வணிகர் வீட்டுப் பிள்ளைகள் அம்மர நிழலில் வந்து அமர்வர். ஒவ்வொருவன் இடையிலும் ஒருபுறம் எடைக்கற்கள் கொண்ட சிறு பை, மறுபுறம் வராகன் நிறைந்த பை. எவரேனும் கல் விற்க வந்தால் மூத்த பிள்ளையின் கையில் அதனைக் கொடுப்பர். அவன் பார்த்து அடுத்தவனிடம் கொடுக்க, ஒருவரும் வாய் திறவாமல் கல் எல்லார் கையும் சுற்றி மீண்டும் மூத்தவனிடம் வந்து சேரும். பின்னரே விலை பேசுவான். ஏமாந்து கூடுதல் விலை கொடுத்துவிட்டால் நட்டம் அவனுடையதே. மாலையில் கற்களை நீர், எடை, தூய்மை ஆகியவற்றின்படி பிரித்துப் பெரு வணிகரிடம் விற்று, ஆதாயத்தைப் பங்கிடுவர். மூத்தவனுக்குச் சிறிது கூடுதல். பள்ளிக்கூடமும் கடையும் ஒன்றாகிய இந்த மரத்தடியில் பயின்றவர்களை ஐரோப்பியர் எவரும் ஏமாற்ற இயலவில்லை என்பதில் வியப்பென்ன?

பெரியோர் விலை பேசும் முறையும் மௌனமே. எதிரெதிரே அமர்ந்து, ஒருவன் மற்றவன் கையைத் துணிக்குள் மறைத்துப் பற்றுவான். முழுக் கையைப் பிடித்தால் ஆயிரம், ஒரு விரல் நூறு, விரலின் நடுக் கணு வரை ஐம்பது, நுனி பத்து. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நம்மூர் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டிற்குள் விரல் பிடித்து விலை முடிப்பதைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் விரித்துரைப்போம். இடையில் ஒரு துணியும் தலையில் ஒரு கந்தையும் தவிர வேறில்லாத ஒருவன் ஒருநாள் டவர்னியர் அருகில் வந்து அமர்ந்தான். மலிவான சில மோதிரங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். ஆட்கள் அகன்றபின், தன் நீண்ட கூந்தலை அவிழ்த்து, அதனுள் முடிந்திருந்த சிறு துணியினின்றும் ஒரு வைரத்தை எடுத்தான். எடை 48½ கேரட், தூய நீரோட்டம். அதனை மறுநாள் வரை வைத்திருந்து நன்றாகப் பார்க்குமாறு கூறி, முன்பின் அறியாத அயல்நாட்டான் கையில் விட்டுச் சென்றான்! மறுநாள் ஊர்ப்புறத்தில் குறித்த வேளையில் டவர்னியர் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சூரத் நகரில் ஒரு டச்சுக் கப்பல் தலைவனுக்கு அக்கல்லை நல்ல ஆதாயத்தில் விற்றார். சுரங்க வணிகத்தில் ஐயமும் காவலும் எவ்வளவு இருந்தனவோ, அவ்வளவு நம்பிக்கையும் இருந்தது.

கோல்கொண்டாவிற்குக் கிழக்கே ஏழு நாள் தொலைவில், கிருஷ்ணைக் கரையிலிருந்த கொல்லூர்ச் சுரங்கம் இதனினும் பெரிது. அங்கே ஆடவர், மகளிர், சிறுவர் என அறுபதினாயிரம் பேர் உழைத்தனர் என்று டவர்னியர் எழுதுகின்றார். அவர் காலத்திற்கு ஒரு நூறு ஆண்டுகளுக்கு முன், தினை விதைக்க நிலத்தைக் கொத்திய ஓர் ஏழை கூர்முனையுடைய கல்லொன்றைக் கண்டெடுத்துக் கோல்கொண்டாவிற்கு எடுத்துச் செல்ல, அது 25 கேரட் வைரமாயிற்று. அதுமுதல் அந்நிலம் புகழ்பெற்றது என்பது அவர் கேட்ட வரலாறு. தோண்டுமுன் கடவுளை வணங்கி, நெற்றியில் இட்டு, இலையில் சோறும் நெய்யும் பரிமாறி உண்பர். பின்னர் ஆடவர் பன்னிரண்டு பதினான்கு அடி ஆழம், நீர் ஊறும் வரை தோண்ட, மகளிரும் சிறுவரும் மண் சுமப்பர். இரண்டடி உயரச் சுவர் எழுப்பிய பாத்தியில் மண்ணைக் கொட்டி, நீர் ஊற்றிக் கூழாகும் வரை ஊறவைத்து, சேற்றை வடித்து, எஞ்சிய மணலை வெயிலில் உலர்த்தி, முறத்தால் புடைத்து, மரத்தால் இடித்து, மீண்டும் புடைத்து, கடைசியில் வரிசையாக அமர்ந்து கையால் பொறுக்குவர். நெல்லினின்று பதரைப் பிரிக்கும் நம் வேளாண் மகளிரின் தொழிலே அது. பொறுக்கிய மணி வேறு, அவ்வளவே.

கல்லின் நிறம் அது கிடந்த மண்ணின் நிறத்தால் அமைவது என்று டவர்னியர் கருதினார். இது பிழை. வைரம் அம்மண்ணில் விளைந்ததன்று. கரியும் வைரமும் ஒரே தனிமத்தின் இரு வடிவம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் இன்று அறிவர். பூமிக்கு அடியில் நூற்றைம்பது கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஆழத்தில், பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் கார்பன் அணுக்கள் நெருங்கிப் பிணைந்து வைரமாகின்றன. அவற்றுட் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. ஆழத்தினின்று சீறியெழும் கிம்பர்லைட் என்னும் எரிமலைப் பாறை அவற்றை மேலே கொணர்கின்றது. ஆந்திரத்தின் அனந்தபூர் வட்டாரத்து வஜ்ரகரூரில் அத்தகைய குழாய்ப் பாறைகள் உள்ளன. பாறை மழையிலும் வெயிலிலும் தேய, கல் மட்டும் தேயாமல் ஆற்றோடு உருண்டு சரளையில் தங்குகின்றது. மஞ்சள் சாயல் பெரும்பாலும் நைட்ரஜன் கலப்பால் வருவது. அரிய நீலம் போரான் என்னும் பொருள் இம்மியளவு சேர்வதால் வருவது. நைட்ரஜன் அறவே இல்லாத தெளிந்த கல்லுக்கு இன்றும் உலகச் சந்தையில் கோல்கொண்டா என்றே பெயர், அது எந்நாட்டில் எடுத்ததாயினும்.

தரம் காணும் கலையில் டவர்னியர் நம் நாட்டாரிடம் மாணவர் ஆனார். ஐரோப்பியர் பகலொளியில் கல்லைப் பார்க்க, இந்நாட்டார் இரவில் பார்த்தனர். சுவரில் ஒரு மாடம். அதில் பெருந்திரி விளக்கு. அவ்வொளியில் கல்லை விரல்களிடையே பிடித்து நீரோட்டத்தையும் தூய்மையையும் தேர்ந்தனர். கல்லில் நீலச் சாயல் உண்டா என்று ஐயம் எழுந்தால் தழைத்த மரத்தின் பசுநிழலில் பிடித்துப் பார்ப்பது வழக்கம். குற்றமில்லாத கல்லைச் சாணைக்காரர் சிறிதே தீண்டுவர். புள்ளியோ கீற்றோ இருப்பின் மேனியெங்கும் பட்டை தீட்டி அதனை மறைப்பர் என்றும் அவர் எச்சரிக்கின்றார். இது இன்றைய வாங்குவோர்க்கும் பயன்படும் செய்தி. தமிழர்க்கு இக்கலை புதிதன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணி வீதியைக் காட்டும் இளங்கோவடிகள், வைரத்தின் குற்றங்களை நான்காக வகுத்துப் பெயரிடுகின்றார்: கீற்றாகிய ஏகை, புள்ளியாகிய விந்து, களங்கம், காகபாதம். எடை, நிறம், தூய்மை, பட்டை என்று இன்று ஆய்வகச் சான்றிதழில் காணும் நான்கனுள் தூய்மைக்கு நம் முன்னோர் இத்துணை நுட்பம் கண்டிருந்தனர்.

எடையிலும் தமிழ்த் தொடர்பு உண்டு. கோல்கொண்டாச் சந்தையில் டவர்னியர் மாஞ்செலின் என்று எழுதும் நிறை, நம் மஞ்சாடியே, தெலுங்கில் மஞ்சாலி. அங்கே அது ஒன்றேமுக்கால் அரைக்கால் அன்று, ஒன்றேகால் அரைக்கால் கேரட் என்பது அவர் கணக்கு. ஊருக்கு ஊர் அந்நிறை வேறுபட்டது. கேரட் 200 மில்லிகிராம் என்று உலகப் பொதுவாக வரையறுக்கப்பட்டது 1907-இல்தான். விலைக்கு அவர் தந்த விதி எளியது: எடையை எடையால் பெருக்கி, ஒரு கேரட்டின் விலையால் மீண்டும் பெருக்குக. குற்றமற்ற 12 கேரட் கல்லாயின் 144; கேரட் 150 லீவர் வீதம் 21,600 லீவர். இன்றைய விலை இவ்விதியை அப்படியே பின்பற்றுவதில்லை. ஆயினும் இரண்டு கேரட் ஒற்றைக் கல்லின் விலை, அதே தரத்து ஒரு கேரட் கற்கள் இரண்டின் விலையினும் மிகுதி என்னும் அடிப்படை மாறவில்லை. 1954-இல் அமெரிக்காவில் வைரத்தைச் செய்து காட்டியபின், ஆய்வகக் கல்லும் சந்தைக்கு வந்துள்ளது. அதுவும் உண்மை வைரமே. ஆனால் விலை மிகக் குறைவு. வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நகைக்கடையில் சான்றிதழ் கேட்பதை நாணத்தக்க செயலாக நம்மவர் கருத வேண்டுவதில்லை.

1652-இல் டவர்னியர் மசூலிப்பட்டினத்திலிருந்து புலிக்காட்டையும் சென்னைக் கோட்டையையும் கண்டு, கண்டிக்கோட்டை சென்று மீர் ஜும்லாவைச் சந்தித்தார். கோல்கொண்டாவின் தலைமை அமைச்சரும் படைத்தலைவருமான அவர், கால்விரல்களிடையிலும் இடக்கை விரல்களிடையிலும் கடிதங்களைச் செருகிக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவி விடை சொல்லிக்கொண்டிருந்த காட்சியை டவர்னியர் வியந்து எழுதியுள்ளார். அந்த மீர் ஜும்லா பின்னர் முகலாயர் பக்கம் சேர்ந்தபோது ஷாஜகானுக்கு அளித்த காணிக்கைகளுள் ஒரு மாபெரும் வைரமும் இருந்தது.

அவ்வைரத்தை டவர்னியர் தம் கையிலேந்தும் பேறு 1665-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் வாய்த்தது. டில்லியில் ஔரங்கசீப்பின் அணிமணிகளைக் காண அவருக்கு இசைவு கிடைத்தது. அரக்குப் பூசிய இரண்டு பெரிய மரத்தட்டுகளில், பட்டுத்துணி போர்த்து, ஏவலர் கற்களைக் கொணர்ந்தனர். மும்முறை எண்ணினர், மூன்று எழுத்தர் பட்டியல் எழுதினர். காவல் அதிகாரி அகில் கான் முதலில் எடுத்துக் கொடுத்தது அப்பெருங்கல்லே. ஒருபுறம் உயர்ந்து குவிந்த வடிவம். அடிவிளிம்பில் சிறு பிளவு. உள்ளே சிறு குற்றம். எடை 319½ ரத்தி, ஏறத்தாழ 280 கேரட். தீட்டுமுன் அது 787½ கேரட் இருந்ததாம். ஹோர்டென்சியோ போர்ஜியோ என்னும் வெனிஸ் நகரத்துச் சாணைக்காரர் அதனைப் பிளந்து சில துண்டுகள் எடுக்காமல், முழுதும் தேய்த்தே பாழாக்கிவிட்டார். கூலி தருவதற்கு மாறாகப் பதினாயிரம் ரூபாய் தண்டம் விதித்தனர். அவரிடம் மேலும் பணம் இருந்திருப்பின் அதுவும் பறிபோயிருக்கும் என்பது டவர்னியர் கருத்து. தொழில் தெரிந்தவரின் சினம் அதில் தெரிகின்றது.

1668-இல் ஆறாம் பயணம் முடிந்து பாரிஸ் திரும்பியவரிடமிருந்து பதினான்காம் லூயி மன்னர் ஆயிரத்திற்கு மேற்பட்ட வைரங்களை வாங்கினார். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 115 கேரட் எடையுள்ள நீலக்கல். அதன் விலை மட்டும் 220,000 லீவர். எச்சுரங்கத்தில் அதனைப் பெற்றார் என்று அவர் எழுதவில்லை. கொல்லூர் என்பது பலர் கருத்து. 1669-இல் மன்னர் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார். மறு ஆண்டு ஜெனிவா அருகே ஒபோன் என்னும் நிலக்கிழமையை விலைக்கு வாங்கி, 1676-இல் தம் ஆறு பயணங்களின் நூலை வெளியிட்டார்.

அவ்வளவோடு ஓய்ந்திருக்கலாம். ஆனால் கீழ்த்திசைக்குப் பெருஞ்சரக்குடன் அனுப்பிய உடன்பிறந்தார் மகன் அதனைத் தகாத முறையில் கையாண்டதால் பெருநட்டம் நேர்ந்தது. 1685-இல் ஒபோனை விற்றார். அவ்வாண்டிலேயே, எந்த மன்னர் அவரைப் பிரபுவாக்கினாரோ அவரே சீர்திருத்தக் கிறித்தவர்க்கு இருந்த வழிபாட்டு உரிமையை நீக்கினார். எண்பது வயது கடந்த முதியவர் ருஷ்யா வழியாகப் பாரசீகம் செல்லும் புதுவழி ஒன்றை நாடிப் புறப்பட்டு, 1689-இல் மாஸ்கோவில் உயிர்நீத்தார்.

அவரைப் பற்றிய கட்டுக்கதை ஒன்றை ஈண்டு மறுப்பது கடமையாகும். நீலக்கல்லை ஒரு கோயில் சிலையின் கண்ணிலிருந்து திருடினார் என்றும், அப்பாவத்தால் நாய்கள் கிழித்து இறந்தார் என்றும் இருபதாம் நூற்றாண்டில் செய்தித்தாள்கள் பரப்பின. இரண்டிற்கும் சான்றில்லை. கற்களைப் பணம் கொடுத்து வாங்கிய வணிகர் அவர்; இறந்தது முதுமையில். அக்கதையைக் காட்டி, வைரம் சிலர்க்கு ஆகாது என்று திருமண வீடுகளில் அச்சம் விளைப்போர் நம்மிடையேயும் உளர்.

நீலக்கல் 1673-இல் அரண்மனைச் சாணையில் 69 கேரட் ஆயிற்று. 1792-இல், பிரெஞ்சுப் புரட்சியின்போது, களவு போயிற்று. 1812-இல் இலண்டனில் 45 கேரட்டுக்குச் சற்று மிகுந்த கல்லாகத் தலைகாட்டியது. ஹோப் வைரம் எனப் பெயர்பெற்ற அதனை நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் 1958-இல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சியகத்திற்குப் பதிவஞ்சலில் அனுப்பி வழங்கினார். அது பிரெஞ்சு அரச நீலத்தினின்றே வெட்டப்பட்டது என்பதைப் பாரிஸ் காட்சியகத்தில் 2007-இல் கண்டெடுத்த ஈயவார்ப்பு உறுதி செய்தது. கொல்லூரோ இன்று புலிச்சிந்தல நீர்த்தேக்கத்தின் நீருக்குள் உள்ளது. டில்லியில் டவர்னியர் கையிலேந்திய பெருங்கல், மேலும் தேய்ந்து, ஓர்லோவ் என்னும் பெயரில் கிரெம்ளின் கருவூலத்தில் இருப்பது என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அவர் அடக்கமான மாஸ்கோ நகரிலேயே அக்கருவூலமும் உள்ளது.